டிங்! ஆயிரம் வந்தாச்சா?

மாதத் தொடக்கத்தில் ஏதாவது ஒரு காலை, வட சென்னை மணலியிலிருந்து பிராட்வே பக்கம் போகும் பஸ்ஸில் இதைப் பார்க்கலாம். பெண்களிடம் காசு வாங்காத சாதாரணக் கட்டண பஸ். எம்.எஃப்.எல். சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி நிற்கும்போது ஒரு போன் ‘டிங்’ என்னும். அடுத்து இன்னொன்று. கல்லூரிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பையைத் துழாவுவார்கள்.

“ஏய், வந்துச்சுடி!”

“எனக்கும்!”

“எனக்கு மட்டும் இன்னாத்துக்குடி வரல?”

இந்த மூன்றாவது பெண்தான் நமக்கு வேண்டியவர். பணம் வந்தவர்களிடம் கதை கிடையாது. ஜெராக்ஸ் கடைக்கும் செமஸ்டர் ஃபீஸுக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். வராதவரின் பின்னாலேயே போனால்தான் மேடைக்குப் பின்புறக் கதவு திறக்கும். போகலாமா?

மேடைக்கு முன்னால் நடந்ததை முதலில் வேகமாகப் பார்த்துவிடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அதுதான் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினார். எந்த இடத்தில் தெரியுமா? நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்! மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண்கள் அம்மா காலத்திலிருந்து பஸ் பிடித்துப் போன கல்லூரி அது. வட சென்னைக்கு வி.ஐ.பி. வருகிறார் என்றால் வெள்ளம் வந்திருக்க வேண்டும் அல்லது தேர்தல் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அன்றைக்கு இரண்டும் இல்லாமல் வந்தார்கள். அதுவே பாதித் திருவிழா.

பையன்கள் இரண்டு வருடம் பெருமூச்சு விட்டார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் புதல்வன் தொடங்கியதும் அவர்கள் போனிலும் டிங்.

புதுமைப் பெண்ணின் முழுப்பெயர் கொஞ்சம் நீளம்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதற்குள் ஒரு குட்டித் திரைக்கதை ஒளிந்திருக்கிறது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இதே அம்மையார் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். 2011-க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது; பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாய். 2022 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இதை அப்படியே திருப்பிப்போட்டார். அரசுப் பள்ளிப் பெண்களில் 46 சதவீதம் பேர்தான் மேற்படிப்புக்குப் போகிறார்கள் என்றார்; 698 கோடி ரூபாய் ஒதுக்கினார்; கல்யாணப் பணம் கல்லூரிப் பணமாக மாறியது. தங்கம் போயிற்றே என்று வருத்தப்பட்ட அம்மாக்கள் மணலியிலும் உண்டு. சவரன் விற்கிற விலையில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எனக்கு இதில் ரகசியக் குஷி ஒன்று. அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதியவர். அப்படிப்பட்டவர் பெயரை முப்பது வருடம் கல்யாணச் செலவுக்குக் கொடுத்து வைத்திருந்தோம். இப்போதுதான் அந்தப் பெயர் சரியான வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது.

சரி, மூன்றாவது பெண்ணிடம் திரும்புவோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் நேராகப் போவது வகுப்புக்கு இல்லை, நோடல் ஆபீசரிடம். ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தத் திட்டத்தைக் கவனிக்க ஒரு பேராசிரியரை நியமித்திருப்பார்கள். விலங்கியலோ வரலாறோ நடத்த வந்தவர், பாவம். இப்போது எந்த வங்கியில் ஆதார் எப்படி இணைப்பார்கள், எந்தக் கிளையில் கூட்டம் குறைவு என்பதில் டாக்டர் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார்.

“கடைசியா எந்த பேங்க்ல ஆதார் லிங்க் பண்ணே?” இதுதான் முதல் கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறு மர்மம் இங்கேயே உடைந்துவிடும். ஏனென்றால் இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை; ஆதாரைப் பார்த்துப் போகிறது. ஒருவருக்கு ஐந்து கணக்கு இருந்தாலும், அரசுப் பணத்தை வாங்க ஆதார் ஒரே ஒரு வங்கியைத்தான் காட்டும். கடைசியாக எதை இணைத்தாரோ அது. இந்தப் பெண் ப்ளஸ் டூ முடித்த லீவில் மொபைல் கடையில் சிம் வாங்கியிருக்கிறார். “சும்மா ஒரு விரல் வைமா” என்றிருக்கிறார் கடைக்காரர். அந்தச் சும்மாவில் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்று திறந்து, ஆதாரும் அங்கே தாவிவிட்டது. மூன்று மாத ஆயிரமும் அவருக்கே தெரியாத கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! தெரிந்ததும் அந்தக் காரிடாரில் கிளம்பும் கூச்சல் இருக்கிறதே, ரிசல்ட் அன்றுகூட அப்படிக் கேட்டதில்லை.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. வங்கி சரியாக இருந்தால் அடுத்து மாட்டுவது பெயர். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே பெண்தான் என்று அவருடைய பாட்டி நம்புவார், கம்ப்யூட்டர் நம்பாது. இங்கேதான் கதைக்குள் எமிஸ் வருகிறது. அரசுப் பள்ளிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் கல்வித் துறை கொடுக்கும் அடையாள எண் அது. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எப்போது மாறினாள் என்று எல்லாம் அதன் பின்னாலேயே வரும். கல்லூரியில் சேர்ந்ததும் யு.எம்.ஐ.எஸ். என்ற இன்னொரு தளத்தில் பெயர் ஏறும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ‘ஆமாம், இவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்களிடம்தான் இருந்தாள்’ என்று கல்லூரிக் கம்ப்யூட்டரிடம் சாட்சி சொன்னால்தான் ஆயிரம் நகரும்.

இப்போது இன்னும் ஒரு கதவு உள்ளே போவோம். மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், அரசுப் பள்ளி ஹைடெக் லேப். பள்ளி லீவு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வாசலில் செருப்பு மலை. உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு தலை. பையன் தட்டுகிறான், அக்கா திருத்துகிறாள், அம்மா பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்து நிற்கிறார், ஆசிரியை பின்னாலிருந்து, “ஓ.டி.பி. யார் போனுக்கு வருது?” என்று கத்துகிறார். யார் போனுக்கு வருகிறது? அப்பா போனுக்கு. அப்பா எங்கே? உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாத பிளான்டில். ஷிஃப்ட் முடிய ரெண்டு மணி. அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் அடுத்தவருக்கு.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எவ்வளவு தெரியுமா? விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரு பட்டப் படிப்புக்கான கதவை ரெண்டு ரூபாயில் தட்டலாம். டீக்கடையில் அரை டீகூட வராத காசு அது! வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியா, பொன்னேரி எல்.என். கல்லூரியா, மாநிலக் கல்லூரிக்கே போட்டுப் பார்ப்போமா என்று லேப்பில் ஏலம் நடக்கும். பொன்னேரி என்றால் எந்தப் பஸ், மெரினா என்றால் எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்பதெல்லாம் கட்டாஃபைவிடச் சூடாக அலசப்படும்.

அந்தப் பிளாஸ்டிக் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. மணலியில் அது சாமி படத்துக்குச் சமம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இந்தப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மிக்ஸியை விட்டுவிட்டு மார்க் ஷீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர்கள் உண்டு. நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் தர அப்போது சிறப்பு முகாம்கள் போட்டார்கள். கவருக்குள் இன்னொரு வேடிக்கையும் உண்டு: மணலி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆனால் மாவட்டம் மாற 2018 ஆயிற்று. அதனால் ஒரே வீட்டில் அக்காவின் சாதிச் சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம், தம்பியுடையதில் சென்னை மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை!

அதே கவரில் சில வீடுகளில் முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லை என்றால், கலந்தாய்வு மூலம் சேரும் தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து சுவாரசியமானது. அண்ணன் தத்தித் தடுமாறி பி.ஏ. முடித்துவிட்டால், இன்ஜினியரிங் கனவில் இருக்கும் தங்கை அவனைப் பார்க்கும் பார்வையை யாராவது படம் எடுக்க வேண்டும்.

தங்கைக்கு வேறு வழி இருக்கிறது, அதுதான் இந்த லேப்பின் பெரிய தலை: ஏழரை! எங்கள் ஊரில் ஏழரை என்றால் சனி. இங்கே மட்டும் அதிர்ஷ்டம். 2020-இல் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில், நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைப்படி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதல் வருடமே 400-க்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்ந்தார்கள். அடுத்த வருடம், நீதிபதி முருகேசன் குழுவுக்குப் பிறகு, இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்பு எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு நீண்டது. 2021 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆணை கொடுக்கும்போது, இவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்றார் ஸ்டாலின். ஒரு ஆட்சி போட்ட கோட்டின் மேலேயே அடுத்த ஆட்சி ரோடு போட்டது. தமிழ்நாட்டில் இது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜினியரிங் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன். அதற்கு முன் கிண்டிக்குப் போய், பெரிய திரையில் தன் கல்லூரியில் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்தபடி வியர்க்க வேண்டும். இப்போது அந்த வியர்வை வீட்டிலேயே. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு கட்டாஃப். ஏழரைப் பிள்ளைக்கு இரண்டு ரேங்க்: பொதுவில் ஒன்று, ஏழரையில் ஒன்று. பொது ரேங்கைப் பார்த்து அழுத பையன் அடுத்த வரியில் ஏழரை ரேங்கைப் பார்த்து நாற்காலியிலிருந்து குதிப்பதை அங்கே நிறையவே காணலாம்.

அடுத்தது விருப்பப் பட்டியல். இங்கே ஆசிரியர்கள் காதில் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: ஆசைப்பட்டதை மேலே போடு. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும். உன் ரேங்குக்கு எது இருக்கிறதோ அதில் நிற்கும். கிண்டி பொறியியல் கல்லூரிக்குக் குறியீட்டு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. இவற்றில் ஒன்றை முதல் வரியில் எழுதியதற்காக யாரும் அபராதம் போடமாட்டார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளின் கை அங்கே போகாது. “நமக்கெல்லாம் எங்க மிஸ் குடுக்கப்போறாங்க” என்று பஸ் வசதியான கல்லூரியை முதலில் போட்டுவிடுவார்கள். ஆசிரியை ஒருவர் ஒரு பையனின் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிப் போட வைத்ததைப் பார்த்தேன். “கேக்கறதுக்கு இன்னாடா கூச்சம்? குடுக்கறவன் கூச்சப்படட்டும்!” என்றார். அந்த லேப்பில் நான் கேட்ட ஆகச் சிறந்த கல்விக் கொள்கை அறிக்கை இதுதான்.

அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் நான் முதல்வன் திட்டத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிகளுக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆய்வகம், நூலகம், ஆடிட்டோரியம் எல்லாம் காட்டிவிட்டு, “ஏதாவது சந்தேகம்?” என்று கேட்டால் வரும் முதல் கேள்வி: “கேன்டீன் எங்க சார்?” சிரிக்க வேண்டாம். கேன்டீன் எங்கே என்று கேட்கிறவன் அங்கே மூன்று வருடம் சாப்பிடப்போவதாக மனசுக்குள் முடிவு செய்துவிட்டான்.

குஷிக்கு நடுவே ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். மணலியில் சந்துக்குச் சந்து சின்னத் தனியார் பள்ளிகள். அங்கே பிள்ளையைப் போட்டவர்களும் காண்டிராக்ட் கூலிகள்தான். இங்கிலீஷ் வரட்டும் என்று வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியவர்கள். அந்தப் பெண் கல்லூரிக்கு வந்தால் ஆயிரமும் இல்லை, ஏழரையும் இல்லை. அப்பா அம்மா ஆறாம் வகுப்பில் எடுத்த முடிவுக்குப் பிள்ளை பதினெட்டு வயதில் விலை கொடுக்கிறாள். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் நீண்டது. நல்லது. கோடு இன்னும் கொஞ்சம் நகர இடம் இருக்கிறது. தவிர 2022-இல் ஆயிரம், அதற்கப்புறமும் ஆயிரம்தான். விலைவாசி அந்த இடத்தில் நிற்கவில்லை.

இனி கடைசிக் கதவு. இதற்குள் வெளியாட்கள் அதிகம் போவதில்லை, ஏனென்றால் இங்கே கைதட்ட ஒன்றும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு பட்டியல். போன வருடம் ப்ளஸ் டூ முடித்தவர்களில் எந்தக் கல்லூரியிலும் பெயர் ஏறாதவர்கள். எமிஸையும் யு.எம்.ஐ.எஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது கிடைத்துவிடும்: அங்கே இருக்கிறான், இங்கே இல்லை. யார் சேர்ந்தார்கள் என்று எல்லா அரசும் கணக்கு வைக்கும். யார் சேரவில்லை என்று பெயர் பெயராகத் தேடுவதுதான் விஷயம். 18 முதல் 23 வயதுக்காரர்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 என்கிறது மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பு. பெருமைதான். மீதி 53 பேர் எங்கே என்பதற்குத்தான் இந்தப் பட்டியல்.

மணலியில் அவர்கள் எங்கே என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். பையன்கள் கேட் பாஸுக்குள் இருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கன்டெய்னர் யார்டு. அப்பாவின் மேஸ்திரிக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, பதினெட்டு முடிந்துவிட்டது, அன்றன்றைக்குக் கையில் காசு. மாதம் ஆயிரம் அந்தக் காசோடு மோத முடியாது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பெண்கள் துணிக்கடையில் நிற்கிறார்கள், அல்லது உடம்பு முடியாத பாட்டியைப் பார்த்துக்கொண்டு வீட்டில்.

இவர்களுக்குப் பள்ளியிலிருந்து போன் போகும். எடுக்காவிட்டால் மறுபடி போகும். நம்பர் மாறியிருந்தால் அதே தெருவிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் விசாரணை. அப்புறம் ‘உயர்வுக்குப் படி’ முகாம். ஒரு பெரிய ஹால். கல்லூரிகளுக்கு ஒரு வரிசை மேஜை, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குக்கு இன்னொரு வரிசை, கல்விக் கடனுக்கு வங்கிக்காரர்கள், விடுபட்ட சான்றிதழுக்கு வருவாய்த் துறை ஆட்கள். காலியான சீட்டும் வழிதவறிய ஆளும் ஒரே கூரைக்குள். காலையில் சும்மா வந்தவன் மதியம் சேர்க்கை ஆணையோடு வெளியே வருகிறான், அம்மாவுக்குப் போன் போடுகிறான். அம்மா நம்புவதில்லை, “யார்றா நீ, போனை அந்த சார்கிட்ட குடு” என்கிறார்.

அப்படி ஒரு அழைப்பை ஓரமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். ஆசிரியர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் கிரேன் இரைச்சல்.

“சார், நான் யார்டுல கீறேன் சார். மத்தியானம் வரைக்கும் இங்கதான்.”

“பரவால்லடா. காலேஜ்லயும் ஷிஃப்ட் இருக்கு. ரெண்டாவது ஷிஃப்ட் மத்தியானம்தான்.”

கொஞ்ச நேரம் கிரேன் மட்டும் பேசியது.

“பி.காம். கிடைக்குமா சார்?”

“வந்தாத்தான் தெரியும்.”

“லீவு சொல்லணும் சார், மேஸ்திரி திட்டுவாரு.”

“மேஸ்திரி நம்பரைக் குடு, நான் பேசறேன். வரும்போது டி.சி., மார்க் ஷீட், ஆதார், நாலு போட்டோ. டேய், கேக்குதா? போன மாசம் மொபைல் கடையில எங்கயாவது விரல் வச்சியா?”